பேரிடர் நாளில் கைபேசி வகுப்பு வேண்டாம்

2024 நவம்பரில் தில்லியின் காற்று மூச்சுவிட முடியாத அளவுக்குக் கெட்டது. பள்ளிகளை மூடிவிட்டு, பாடத்தைக் கைபேசிக்கு மாற்றினார்கள். சில நாள்களிலேயே உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. மதிய உணவை இழந்த பிள்ளைகள் ஏராளம், இணையவழியில் படிக்க வசதியற்றவர்கள் பலர், காற்றைச் சுத்திகரிக்கும் கருவி வீட்டிலும் இல்லாதபோது வீட்டில் இருப்பதால் என்ன வேறுபாடு என்று சுட்டிக்காட்டி, நேரடி வகுப்புகளைப் பரிசீலிக்கச் சொன்னது.

இது தில்லியோடு முடிகிற சிக்கல் இல்லை. 2024-இல் மட்டும் 85 நாடுகளில் 24.2 கோடி மாணவர்களின் படிப்பு வெப்ப அலை, புயல், வெள்ளம் போன்றவற்றால் தடைபட்டதாக யுனிசெஃப் கணக்கிட்டிருக்கிறது. இனி ஆண்டுதோறும் இப்படித்தான் என்றால், பள்ளி மூடும் ஒவ்வொரு நாளும் கைபேசி வகுப்பு என்பதே வழக்கமாகிவிடும். அதை நாம் ஏற்கக் கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கைபேசித் தொடர்பும் இல்லை. வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தில் புத்தகப் பையைப் பரண்மேல் ஏற்றிவைத்த மாணவி எந்த வகுப்பில் சேர்ந்திருப்பாள்? கொரோனா காலத்திலேயே இதைப் பார்த்தோம். 2021-இல் எடுக்கப்பட்ட ஏசர் (ASER) கல்வி ஆய்வின்படி, ஊரக இந்தியாவில் மாணவர் வீடுகளில் 67.6 சதவீதத்தில் ஸ்மார்ட்போன் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளிலும் கால்வாசிப் பேருக்கு அது கைக்கு எட்டவில்லை. அப்பா வேலைக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும்.

அதே முடக்கக் காலம் இன்னொன்றையும் காட்டியது. 2020-இல் ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, வீட்டில் அடைந்து கிடந்த மாணவர்கள் அதைப் படித்து, தத்தம் மொழியில் விளக்கி, அரசுக்கு மின்னஞ்சலில் கருத்து அனுப்பச் சொல்லிப் பரப்பினார்கள். லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. எந்தப் பள்ளியும் அவர்களுக்கு இதை வீட்டுப்பாடமாகத் தரவில்லை. இந்தத் தலைமுறையின் சூழல் அக்கறையை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அது இணைய வசதி உள்ளவர்களோடு நின்றுவிட்டால், வெள்ளத்தையும் வெயிலையும் முதலில் தாங்குகிற வீட்டுப் பிள்ளைகளின் குரல் அதில் இருக்காது.

எல்லோரையும் சேர்க்கும் இடம் வகுப்பறை ஒன்றுதான். சூழலியலைக் கட்டாயப் பாடமாக்க உச்ச நீதிமன்றம் 1991-லேயே பணித்தது. இன்றும் அது பெரும்பாலும் மதிப்பெண்ணுக்கான மனப்பாடமாகவே இருக்கிறது. சென்னையை அடுத்த எண்ணூர் மாணவருக்கு, 2023 வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் பரவிய எண்ணெயைவிடப் பெரிய பாடம் எது? பள்ளிக்கரணைப் பிள்ளைகள் தம் சதுப்புநிலத்தை நேரில் போய்ப் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். மழைமானியும் வெப்பமானியும் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மாணவர் பொறுப்பில் இருக்கட்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தமிழகப் பள்ளிக் கல்வித் துறை தெளிவான ஆணை பிறப்பிக்க வேண்டும். பேரிடர் விடுமுறையில் இழந்த பாடங்களை, தனியார் பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளும் நேரடி வகுப்பாகவே ஈடுசெய்ய வேண்டும். பள்ளி மூடியிருக்கும் நாள்களில் காலை உணவும் மதிய உணவும் பிள்ளைகளைச் சென்றடைய ஏற்பாடு வேண்டும்.