குழந்தை நலமும் குறுஞ்செய்தியும்

பிள்ளையின் வளர்ச்சியைத் திங்கள்தோறும் எண்ணி மகிழ்ந்த மொழி நம் தமிழ்மொழி. பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் கண்ட பாட்டியல் நூலார் மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி என்று பருவங்களை வகுத்தனர். இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் இறைநேசர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடி அம்மரபை வளப்படுத்தினர். குழந்தையை வளர்ப்பதில் காலக்கணக்கு இன்றியமையாதது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் எனலாம்.

அக்கணக்கை இன்று மருத்துவத் துறை வேறொரு வகையில் எழுதி வைத்திருக்கிறது. பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியும் போலியோ சொட்டு மருந்தும். 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி. 9 மாதம் நிறைந்ததும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி. 16 மாதத்திற்கும் 24 மாதத்திற்கும் இடையே அதன் இரண்டாம் தவணை. இடையிடையே எடை பார்த்து, வளர்ச்சியை அட்டையில் குறித்துக்கொள்ளவும் வேண்டும். இவ்வட்டவணையில் 14ஆம் வாரத்திற்கும் 9ஆம் மாதத்திற்கும் நடுவே நெடிய இடைவெளி ஒன்று உண்டு. தாய்வீட்டில் மகப்பேறு முடிந்து, கைக்குழந்தையுடன் பெண்கள் புகுந்த வீடு திரும்பும் காலமும் பெரும்பாலும் அதுவே. ஊர் மாறுகிறது, செவிலியர் மாறுகிறார், அட்டை பெட்டியின் அடியில் உறங்குகிறது, ஊசியும் தவறிவிடுகிறது.

தவறியவர்களைத் தேடிப் பிடிக்கக் கைப்பேசி நல்லதொரு துணை. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் முதற் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டபோது, அது தொட்டிலருகே வந்து நிற்கும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். இன்றோ ஒன்றிய அரசின் யூ-வின் தளம் தடுப்பூசி நாளை நினைவூட்டிப் பெற்றோருக்குச் செய்தி அனுப்புகிறது. இது பாராட்டத்தக்கதே. ஆயினும், செய்தி அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதும் மனப்பான்மையை நம்மால் ஏற்க இயலாது. இதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, செய்தி யாருடைய கைக்குப் போகிறது என்பது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடைய பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேர் மட்டுமே. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது பல பெண்கள் கணவரின் எண்ணையே தருகின்றனர். நம் சமுதாயத்தில் அக்கணவர் வளைகுடா நாடொன்றில் உழைத்துக்கொண்டிருப்பார். ஊரில் வைத்திருந்த எண்ணோ அணைந்து கிடக்கும். அவ்வெண்ணுக்குப் போகும் நினைவூட்டல் கடலில் இட்ட கடிதமன்றோ? ஆதலின் எண்ணைக் கேட்கும்போதே, "இது யாரிடம் இருக்கிறது? மாமியாரிடமா, தம்பியிடமா?" என்று கேட்டு, இரண்டாவது எண்ணையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். குழந்தை வேறு ஊர் சேர்ந்ததும் அதனை மாற்றிப் பதிதலும் வேண்டும்.

இரண்டாவது, செய்தியின் மொழி. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழில் எழுதினால் 70 இடங்களே கிடைக்கும். அவற்றுள்ளும் 'கி', 'கு' போன்ற உயிர்மெய் ஒவ்வொன்றும் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். செலவை எண்ணி ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் படிக்க இயலாத செய்தி மலிவானதன்று, வீணானது. ஏழே சீர்களில் அறம் உரைத்த மொழிக்கு இது இயலாத செயலா?

"குழந்தைக்கு 9 மாத ஊசி போட வேண்டும். புதன் காலை சுகாதார நிலையம் வாருங்கள். நாள் கடந்தாலும் போடலாம்." இவ்வளவே போதும். இது இரண்டு மூன்று செய்திகளின் இடத்தைக் கொள்ளும். அதற்காகும் செலவு சில காசுகளே. இதில் இறுதித் தொடரே உயிரானது. நாள் தவறிய தாய் பெரும்பாலும் அலட்சியத்தால் வராமலிருப்பதில்லை; "ஏன் வரவில்லை?" என்ற ஏச்சுக்கு அஞ்சியே ஒதுங்குகிறாள். முன்பு போட்ட ஊசிகள் வீணாகா. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தட்டம்மைத் தடுப்பூசியை ஐந்து வயதுவரை போட இடமுண்டு. இவ்வுண்மைகள் அவளை எட்டவில்லை. "நீங்கள் தவறிவிட்டீர்கள்" என்னும் செய்தி கதவை அடைக்கும். "இன்னும் காலம் இருக்கிறது" என்னும் செய்தி கதவைத் திறக்கும்.

மூன்றாவது, நம்பிக்கை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடைபெற்றபோது, அதனைப் பற்றிய வதந்திகள் வாட்ஸ்அப் வழியே காட்டுத்தீயெனப் பரவின. பெற்றோர் பலர் அஞ்சிப் பின்வாங்கினர். மெய்யைச் சொல்லும் கருவிதான் பொய்யையும் சுமந்து வருகிறது. இரண்டையும் பிரித்தறியத் தாய்க்கு உதவுபவர் அவள் முகமறிந்த ஒருவரே.

ஆய்வுகளும் இதனை உறுதி செய்கின்றன. அரியானாவின் ஏழு மாவட்டங்களில், 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் குழுவினருடன் நிகழ்த்திய ஆய்வில், ஊரில் செய்தியைப் பரப்ப வல்லவர் யார் என்று ஊராரிடமே கேட்டு, அவர்கள் வாயிலாகத் தடுப்பூசிச் செய்தி சொல்லப்பட்டது. செலவிட்ட பணத்திற்கு மிகுந்த பயன் தந்தது, குறுஞ்செய்தியும் அத்தகையோர் வாய்மொழியும் இணைந்த வழியே. மேற்குக் கென்யாவில் நிகழ்ந்து 2017இல் வெளிவந்த ஆய்விலோ, வெறும் குறுஞ்செய்தி குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் விளைவிக்கவில்லை. செய்தி தனித்து நின்றால் வலுவிழக்கும். மனிதக் குரலோடு சேர்ந்தால் வலுப்பெறும் என்பதே இவற்றின் சாரம்.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான்: செய்தி சென்று ஒரு வாரத்திற்குள் குழந்தை வராவிடில், கிராம சுகாதாரச் செவிலியர் தொலைபேசியில் அழைக்க வேண்டும், அதற்கும் மறுமொழி இல்லையேல் வீட்டுக்கதவைத் தட்ட வேண்டும். பல ஊர்களின் சுமையை ஒருவரே தாங்கும் செவிலியருக்கு, ஊசி தவறிய குழந்தைகளின் பட்டியலை உரிய காலத்தில் தருவதே கணினியின் வேலை. செவிலியரின் இடத்தைக் கணினி நிரப்பிவிடும் என்று கனவு காணுதல் தவறு.

நமக்கும் பங்குண்டு. மஹல்லா ஜமாஅத்துகள், ஜும்ஆ நாளில் அறிவிக்கும் பொதுச் செய்திகளுடன், வரும் புதன்கிழமையின் தடுப்பூசியையும் ஒரு வரி அறிவிக்கலாம். பெண்கள் மதரஸாக்களில் தடுப்பூசி அட்டையைப் படிக்கக் கற்றுத் தரலாம். நம் கல்லூரி மாணவ, மாணவியர் தத்தம் தெருவில், பாட்டியின் கைப்பேசிக்கு வந்த செய்தியைப் படித்துக் காட்டலாம். தமிழ் பயின்றோர், எளிய தமிழில் இத்தகைய செய்திகளை எழுதிச் சுகாதாரத் துறைக்கு வழங்கலாம். கவிதையும் கட்டுரையும் எழுதும் கைகளுக்கு இதுவும் தமிழ்ப்பணியே.

குழந்தை இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைக் காப்பது தாய் ஒருத்தியின் பொறுப்பு மட்டுமன்று. தந்தை, மஹல்லா, அரசு ஆகிய மூவருக்கும் உரியது. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என இந்தியா சான்று பெற்றதற்குக் காரணம், வீடு வீடாக நடந்த கால்களே. அக்கால்களுக்கு வழிகாட்டும் விளக்காகக் குறுஞ்செய்தி அமையட்டும்; கால்கள் ஓய்வதற்கு அது காரணமாகாதிருக்கட்டும்.