ஆதிமூலத்தின் வர்ணமும் எர்ணாவூரின் துருவும்

உருவத்தை ஒழுங்காக வரையத் தெரியாதவர்களே அரூப ஓவியத்தில் அடைக்கலம் புகுகிறார்கள் என்றோர் அபிப்பிராயம் நம்மிடையே வெகுகாலமாக நிலவி வருகிறது. அதை மறுக்க வாதங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, கே. எம். ஆதிமூலம் என்ற பெயரே போதும்.

துறையூருக்கு அருகே கீராம்பூரில் 1938-ஆம் ஆண்டு பிறந்து, கே. சி. எஸ். பணிக்கர் தலைமை வகித்த சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி மகாத்மாவைக் கோட்டுச் சித்திரங்களாகத் தீட்டித் தம் கைத்திறனை நிலைநாட்டியவர் அவர். கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் வரைந்த சித்திரங்களை இன்றும் மறவாத வாசகர்கள் உண்டு. அப்பேர்ப்பட்ட கை பின்னாளில் உருவத்தைத் துறந்து வர்ணத்திடம் சரண் புகுந்ததென்றால், அதை இயலாமை என்று யார் சொல்லத் துணிவார்?

அவருடைய தைலவர்ணக் கித்தானில் மரமோ மனிதரோ இல்லை. ஆயினும் கிட்டப் போய் உற்று நோக்கினால், மேலே அடர்ந்த வர்ணத்தின் ஓரத்தில் அடியில் பூசப்பட்ட வேறொரு வர்ணம் நூலிழையாக எட்டிப் பார்ப்பதும், நிலத்தின் வெப்பமும் ஈரமும் அவ்விடத்தில் ஜீவனோடு தங்கியிருப்பதும் புலப்படும். வடசென்னையின் எர்ணாவூரில் வாழ்ந்து சித்திரம் தீட்டும் எனக்கு அந்த ஓரமே பாடசாலை. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர்களின் மேல், பழைய நீலத்தை மூடிய சிவப்பும், அச்சிவப்பை உப்புக்காற்று அரித்த துருவும், துருவுக்குள்ளிருந்து மறுபடி தலைகாட்டும் நீலமுமாகக் கிடப்பதைச் சித்திர விஷயமாக எண்ணிப் பார்க்கும் தைரியத்தை எனக்கு அளித்தவர் ஆதிமூலமே.

2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிப் படகும் வலையும் கருத்துப்போன பிறகு, அந்தக் கருமை காவியின் மேல் படர்ந்த விதத்தை மட்டுமே ஒரு கித்தானில் தீட்டினேன். அதைப் பார்த்த மீன் விற்கும் அம்மாள் ஒருவர், “இது நம்ம ஆத்துல வந்த எண்ணெதானே?” என்றார். பாமரருக்கு அரூபம் விளங்காது என்று முடிவு கட்டியவர்கள் பாமரரிடம் அதைக் காட்டிப் பார்த்ததுண்டா?

அப்படிக் காட்டுவதற்குச் சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அது எட்டாத தூரம். அகாதெமியாரும் ஆதிமூலத்தின் சித்திரங்களை வைத்திருக்கும் அன்பர்களும் மனமுவந்து, ஆண்டுக்கு ஒரு வாரமேனும் அவற்றைத் திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பள்ளிகளில் மாட்டிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.