குழந்தைப் பல் சொத்தை: சுவரொட்டியைத் திரும்பப் பெறுகிறோம்

பல் மருத்துவர் சங்கச் செயற்குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை

‘உங்கள் அலட்சியம், உங்கள் குழந்தையின் சொத்தை’ என்ற வாசகத்துடன் நம் சங்கம் அச்சிட்ட சுவரொட்டிகளை ஒட்டியிருக்கும் கிளைகள் இந்த மாத இறுதிக்குள் அவற்றை அகற்றிவிட வேண்டும். வாசகம் நல்ல நோக்கத்தோடுதான் எழுதப்பட்டது என்பதைக் குழு பதிவு செய்கிறது. அது தவறு என்பதையும் பதிவு செய்கிறது.

சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு மேல்வரிசை முன்பற்கள்தான் முதலில் போகும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தூக்கத்தில் உமிழ்நீர் குறைகிறது, பால் பல்லைச் சுற்றித் தேங்குகிறது, கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. கீழ்வரிசை முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் ஓரளவு காப்பாற்றிவிடும். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைக் கோடு தெரிகிறபோதே கவனித்தால் பல் தேறிவிடும். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் தேறாது. தாய்க்குத் தெரிய வேண்டியது அந்த வெள்ளைக் கோடு. சுவரொட்டியில் அது இல்லை. தலைகுனிந்து நிற்கும் ஒரு பெண்ணின் படம்தான் இருந்தது.

இனிப்புக்கு அந்தக் குழந்தையின் நாக்கைப் பழக்கியது யார் என்ற கேள்விக்கு வருவோம். 2024 ஏப்ரலில் ஸ்விட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ அமைப்பும் ‘இப்ஃபான்’ அமைப்பும் வெளியிட்ட அறிக்கையை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெஸ்லே நிறுவனம் இந்தியாவில் விற்ற செரிலாக் குழந்தை உணவு வகைகளில், ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதாக அது சொன்னது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதே நிறுவனம் ஆறு மாதக் குழந்தைக்கு விற்கும் கோதுமை உணவில் சேர்த்த சர்க்கரை இல்லை. உள்நாட்டு விதிகளை மீறவில்லை, சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்துத்தான் வருகிறோம் என்றது நிறுவனம். அதே ஆண்டில் வெள்ளைச் சர்க்கரை சேர்க்காத வகைகளையும் இங்கே அறிவித்தது. சர்க்கரையில்லாமல் செய்ய முடியும் என்றால், இத்தனை வருடம் ஏன் செய்யவில்லை?

விதிகளை மீறவில்லை என்ற பதில்தான் நம்மை அதிகம் கோபப்படுத்துகிறது, ஏனென்றால் விதியே அப்படித்தான் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, குழந்தை உணவில் சுக்ரோஸ், ஃப்ரக்டோஸ் சேர்க்கக் கூடாது என்று தொடங்குகிறது. மாவுச்சத்துக்குத் தேவைப்பட்டால் சேர்க்கலாம், மொத்த மாவுச்சத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முடிகிறது. வாசற்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது இதுதான். தாய்ப்பால் மாற்று உணவுகள் குறித்த 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் உணவுக்கு விளம்பரமே கூடாது என்கின்றன. விளம்பரம் செய்யக்கூட அனுமதியில்லாத டப்பாவுக்குள் சர்க்கரைக்கு அனுமதி உண்டு. இந்த விதியை எழுதியவர்களும் அனுமதித்தவர்களும் எந்தச் சுவரொட்டியிலும் தலைகுனிந்து நிற்கவில்லை.

மருந்தையும் சொல்லியாக வேண்டும். குழந்தைகளுக்கான திரவ மருந்துகள் பலவற்றில் சர்க்கரைப் பாகு இருக்கிறது. படுக்கப்போகும் முன் ஒரு ஸ்பூன் என்று எழுதிக்கொடுப்பது நாமும் நம் மருத்துவ நண்பர்களும்தான். அதற்குப் பின் வாயைத் துடைத்துவிடச் சொல்கிறவர் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு விற்கும் எந்த உணவிலும் சேர்த்த சர்க்கரை கூடாது, அந்த 20 சதவீத விலக்கு நீக்கப்பட வேண்டும் என்பது நம் சங்கத்தின் நிலைப்பாடு. இதில் குழு ஒருமனதாக இருந்தது.

வெல்லம் பற்றி ஒருமனதாக இல்லை. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் வெல்லம் சேர்கிறது; பெயர் எதுவானாலும் பல்லுக்கு அதுவும் சர்க்கரைதான். ஆனால் வீட்டில் வேறு சத்துணவு கிடைக்காத குழந்தைக்கு அந்த மாவு எவ்வளவு முக்கியம் என்பதைக் கிராமக் கிளைகள் எடுத்துச் சொன்னபோது கூட்டம் மௌனமானது. வெல்லத்தின் அளவைக் குறைக்கும் வாய்ப்பை அரசு பரிசீலிப்பது நல்லது எனக் குழு பொதுவாகக் கருதுகிறது. மாவை நிறுத்தச் சொல்லவில்லை. ‘அங்கன்வாடி உணவை எதிர்க்கும் சங்கம்’ என்று வெளியே பேசித் திரிபவர்கள் இந்த வரியை ஒருமுறைக்கு இருமுறை படிக்கட்டும். இரு உறுப்பினர்களின் மாற்றுக் கருத்து குறிப்பேட்டில் இருக்கிறது.

மற்றவற்றில் பழைய பரிந்துரைகளே தொடர்கின்றன. முதல் பல் முளைத்த நாளிலிருந்து துலக்க வேண்டும். மூன்று வயது வரை அரிசியளவு, அதன்பின் பட்டாணியளவு ஃப்ளோரைடு பற்பசை. தருமபுரி போல நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த வட்டாரங்களில் உறுப்பினர்கள் குடிநீரைக் கருதிப் பற்பசை பற்றி முடிவெடுக்கலாம். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ‘பால் பல்தானே, விழுந்து முளைக்கும்’ என்பவர்களிடம், பால் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை சோறு மென்றாக வேண்டும் என்று சொல்லுங்கள். சொத்தையை டிரில் இல்லாமல் நிறுத்தும் சில்வர் டையமின் ஃப்ளோரைடு 2021இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது; ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அது வர வேண்டும். அதைப் பூசினால் சொத்தை பட்ட இடம் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடவும்.

பழைய சுவரொட்டியின் அச்சுச் செலவுக்குப் பொருளாளர் அடுத்த பொதுக்குழுவில் கணக்குத் தருவார். புதிய சுவரொட்டியின் வாசகம் இன்னும் முடிவாகவில்லை. வெள்ளைக் கோட்டின் படம் இருக்கும், தாயின் படம் இருக்காது என்பது வரை முடிவாகியிருக்கிறது.