யார் மனமும் நோகாத நிர்வாகம்

வெளிநாட்டில் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கோ வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிக்கோ தலைவர் தேடும்போது நாம் முதலில் பார்ப்பது என்ன? "எல்லாரையும் அனுசரிச்சுப் போவாரா?" அவ்வளவுதான். 'முடியாது' என்று சொல்ல வருமா என்று யாரும் விசாரிப்பதில்லை. அலுவலகத்தில் இந்தக் குணத்துக்கு எமோஷனல் இன்டலிஜன்ஸ் என்று பெயர். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் அதைப் பிரபலமாக்கியது. ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு டிரெய்னிங்காவது கட்டாயம் நடந்திருக்கும்.

லாபநோக்கற்ற அமைப்புகளில் இந்தத் திறமைக்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுக்கிறோம் என்பது என் கருத்து. கம்பெனியில் மனக்கசப்பு வந்தாலும் சம்பளம் ஆளைப் பிடித்து வைக்கும். தொண்டருக்குச் சம்பளம் கிடையாது. மனம் கோணினால் அடுத்த ஞாயிறு வரமாட்டார். அதனால் எல்லார் முகத்தையும் படிக்கத் தெரிந்த தலைவர், யார் முகமாவது சுருங்கும் என்றால் அந்த முடிவையே தள்ளிப்போடுகிறார். தயாரிக்காமலே வகுப்புக்கு வரும் ஆசிரியரிடம் பேச வேண்டும். ஆனா பாவம், அவருக்கு வீட்டில் ஆயிரம் பிரச்சினை. அடுத்த டேர்ம் பார்க்கலாம். ஆசிரியரின் சங்கடம் தலைவருக்கு நன்றாகவே தெரிகிறது. அந்த வகுப்பில் ஒரு வருடத்தைத் தொலைக்கும் பிள்ளைகள் அவரிடம் வந்து பேசுவதில்லை.

லண்டனில் நடந்தது இதைவிடப் பெரிய கதை. கமீலா பாட்மாங்கெலிட்ஜ் 1996இல் தொடங்கிய கிட்ஸ் கம்பெனி, ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இயங்கியது. பிள்ளைகளின் மனதைத் தொட்ட மாதிரியே பிரதமர்களின் மனதையும் தொட அவருக்குத் தெரிந்தது. கையிருப்புப் பணமோ எப்போதும் குறைவு. 2015இல் அதிகாரிகள் எழுத்திலேயே ஆட்சேபித்தும், அமைச்சர்கள் 30 லட்சம் பவுண்ட் கொடுக்க உத்தரவிட்டார்கள். பணம் வந்த சில நாட்களில், ஆகஸ்டில், அமைப்பு மூடப்பட்டது. மறுவருடம் நாடாளுமன்றக் குழு அறங்காவலர்களைக் கடுமையாகக் குறை சொன்னது. நிர்வாகிகளைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை 2021இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததையும் சொல்ல வேண்டும். அங்கே திருட்டு நடந்தது என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு அன்பான ஒருவரிடம் "ரிசர்வ் எங்கே?" என்று அழுத்திக் கேட்க யாருக்கு வாய் வரும்?

நம்ம சங்கங்களிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. கமிட்டி கூடுவதற்கு முன்னாலேயே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போனில் பேசி, அவரவர் மனம் குளிர முடித்துவிடுவார்கள். கூட்டத்தில் மிஞ்சுவது வடையும் டீயும்தான். இங்கே பிறந்து வளர்ந்த பையன் ஒருவன் எழுந்து கணக்கு கேட்டால், "அக்கா எவ்வளவு செய்யிறாங்க, அவங்ககிட்ட இப்படியா கேக்குறது?" என்று நாலு பேர் பாய்கிறார்கள். அவன் மறுபடி வருவதில்லை. அப்புறம் இளைஞர்களுக்குத் தமிழ் ஆர்வம் இல்லை என்று மேடையில் வருத்தப்படுகிறோம்.

அந்த அக்காவும் தப்புவதில்லை. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1983இல் எழுதினார்: முகத்தில் உணர்ச்சியைப் பராமரிப்பதும் உழைப்புதான், அதுவும் ஆளைத் தேய்க்கும் என்று. ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு கோஷ்டிகளுக்கும் வாட்ஸ்அப்பில் சமாதானம் சொல்வது அந்த உழைப்புதான். ஒருநாள் அவர் விலகும்போது, பொறுப்பேற்க ஆளும் இருக்காது, எழுதி வைத்த விதியும் இருக்காது.

பதவிக்காலத்துக்கு ஒரு வரம்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, புகாரைக் கேட்கத் தலைவர் அல்லாத இன்னொருவர். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் உங்கள் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எதிர்த்து ஓர் ஓட்டாவது பதிவாகியிருக்கிறதா?