தொடாத வைத்தியம்

ஆரணியில் ஒரு கூட்டம். மருத்துவத்தில் எந்த நாடு உசத்தி என்று பேச்சு. பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் வரிப்பணத்தில் எல்லோருக்கும் வைத்தியம், அமெரிக்காவில் காசிருந்தால்தான் வைத்தியம் என்று தோழர் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் முள்ளிப்பட்டு காலனி ஆயா ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அதெல்லாம் சரி நைனா, அங்கல்லாம் டாக்டரு கைய தொட்டுப் பாப்பாரா?" கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல். தறிச்சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். "இன்னா பண்ணுது? எந்தப் பக்கம்?" ரெண்டே கேள்வி. நாடி பிடிக்கவில்லை, நெஞ்சில் குழல் வைக்கவில்லை. மாத்திரையைக் கையில் கொடுக்காமல் மேசை ஓரத்துக்குத் தள்ளினார். 'எந்தப் பக்கம்' என்றது வலிக்கிற இடத்தை அல்ல, நாங்கள் குடியிருக்கிற இடத்தை.

1929இல் கத்தியவாரில் தீண்டப்படாத ஆசிரியர் ஒருவரின் மனைவி பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்தாள். வந்த மருத்துவர் சேரிக்குள் நுழையவில்லை. வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவனிடம் கொடுத்தார். கணவன் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது திரும்பிப் போனது. அந்தப் பெண் செத்துப்போனாள். அண்ணல் அம்பேத்கர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதையும் சேர்த்தபின் பாகுபாடு காட்டுவதையும் குற்றம் என்கிறது. சரி, தொடாத கைக்குச் சாட்சி யார்?

காசுள்ளவன் நாடு என்று நாம் ஏசுகிற அமெரிக்காவைப் பாருங்கள். கறுப்பர்களுக்கு அங்கே தனி வார்டு. பல மருத்துவமனைகளில் இடமே இல்லை. 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. 1966இல் முதியோருக்கான மெடிகேர் திட்டம் தொடங்கியபோது அரசு ஒரே நிபந்தனையைப் பிடித்துக்கொண்டது: நிறம் பார்க்கிற மருத்துவமனைக்குப் பணம் கிடையாது. சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் கதவைத் திறந்தன. மனசு மாறியல்ல, பணம் போய்விடுமே என்று. அதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை; இன்றும் அங்கே பிரசவத்தில் சாகும் கறுப்பினத் தாய்மார் விகிதம் வெள்ளையரைப் போல் சுமார் மூன்று மடங்கு. ஆனாலும் சட்டத்துக்குப் பல் இருந்தது.

இலவசம் என்றால் மட்டும் போதுமா? இலங்கையில் 1951இலேயே அரசு மருத்துவமனைக் கட்டணத்தை ஒழித்தார்கள். உலகமே மெச்சியது. மலையகத் தோட்டத்தில் தேயிலை கிள்ளிய நம் சனங்களோ பல பத்தாண்டுகள் தோட்டத்துரையின் மருந்தறையைத்தான் நம்பிக் கிடந்தார்கள். 'எல்லோருக்கும்' என்ற சொல்லுக்குள் யார் யார் என்பதுதான் கேள்வி.

2009 முதல் தமிழக அரசு காப்பீட்டின் பேரில் தனியார் மருத்துவமனைகளுக்கும் பணம் கொடுக்கிறது. அறுவைசிகிச்சைக்குக் கொடுக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படுக்கை எத்தனை, கருவி என்ன என்று பார்க்கிற அரசே, 'தொடுகிறாயா' என்று கேட்டாயா? அந்த வார்டின் ரத்தத்தையும் மலத்தையும் ஒப்பந்தக் கூலிக்குக் கழுவுகிறவர்கள் யார் என்று கணக்கெடுத்தாயா? நம் கை தரையைத் தொடலாம், அவர்கள் கை நம் நாடியைத் தொடாதா?

கேட்பது பிச்சையல்ல. சாதி பார்க்கிற மருத்துவமனைக்கு அரசுப் பணத்தை நிறுத்து. புகார் விசாரிக்கும் குழுவில் எங்கள் ஆட்களை உட்கார வை. துப்புரவுத் தொழிலாளியை நிரந்தரமாக்கு.

நாடுகளை ஒப்பிட அட்டவணை போடும் அறிஞர்களே, அதில் ஆயாவின் கேள்விக்கும் ஒரு கட்டம் போடுங்கள். நம்ம நாட்டுக்கு எதிரில் என்ன எழுதுவீர்கள்?