ஒரு சிலிண்டர் ‘மிஸ்’ ஆனால், இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

‘‘எங்களிடம் கார்பரேட்டர் உள்ள பழைய மாருதி ஆம்னி வேன் இருக்கிறது. காய்கறிகளைச் சந்தைக்கு ஏற்றிச்செல்ல அதைத்தான் நம்பியிருக்கிறோம். சில வாரங்களாக ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்தால் குலுங்குகிறது. பாரத்துடன் மேடு ஏறத் திணறுகிறது. இன்ஜினைப் பிரித்து போர் வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?’’

- வாசகர், ஒட்டன்சத்திரம்

ஆம்னியில் இருப்பது 796 சி.சி., 3 சிலிண்டர் இன்ஜின். அதில் ஒன்று எரியாமல் போனாலே இழுவையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வாசகர் சொல்லும் அறிகுறிகள் இதற்குப் பொருந்துகின்றன. ஆனால், சிலிண்டர் எரியாததற்குத் தேய்ந்த ரிங் மட்டுமே காரணமல்ல. பிளக், ஒயர் போன்ற சிறிய பொருள்களும் இதே வேலையைச் செய்யும். எனவே, பிரிப்பதற்கு முன்பு சில சோதனைகளை வரிசையாகச் செய்துவிட வேண்டும்.

முதலில், எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒரு பிளக் ஒயரை மட்டும் கழற்றி, அதில் வேறொரு பிளக்கை மாட்டி, அதன் உலோகப் பகுதியை இன்ஜினோடு ஒட்டி நிற்கும்படி வைத்து ஸ்டார்ட் செய்யவும். குலுக்கல் அதிகமானால் அந்த சிலிண்டர் நன்றாக இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால், கோளாறு அதில்தான். ஒவ்வொன்றையும் சில விநாடிகள் சோதித்தால் போதும். இன்ஜின் ஓடும்போது ஒயரைத் தொடக் கூடாது. ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் பாயும். அருகில் பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

அடுத்து, இன்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றவும். ஹெட் அலுமினியம் என்பதால், சூட்டோடு கழற்றினால் மரை கெட்டுவிடும். பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் பொறி வரவில்லை. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகலாம் அல்லது பொறி பலவீனமாக இருக்கலாம். ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம்.

இப்போது அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடவும். கோளாறும் கூடவே இடம் மாறினால், பிளக்தான் காரணம். மாறவில்லையென்றால், நீளம் எட்டினால் ஒயரையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே ஈரம், விரிசல், கரிக்கோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மழைக்காலக் காலைகளில் மட்டும் ‘மிஸ்’ அடித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த மூடியைத்தான். எல்லா சிலிண்டரும் சேர்ந்து தடுமாறினால் காயில், பெட்ரோல் ஃபில்டர், கார்பரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ‘மிஸ்’ தொடர்ந்தால்தான் கம்ப்ரஷன் சோதனை. 3 பிளக்கையும் கழற்றி, காயிலுக்குச் செல்லும் மின் இணைப்பைத் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடித்து அளவெடுப்பார்கள். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால், அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடியும் அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறவில்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

அப்போதும் ஹெட்டைக் கழற்றும் முன்பு டேப்பட் இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லவும். கேஸில் ஓடிய வண்டிகளில் வால்வு இருக்கை தேய்ந்து, அந்த இடைவெளி குறைந்து, வால்வு முழுதாக மூடாமல் போவதுண்டு. அதிகம் தேயாத நிலையில், டேப்பட் செட்டிங் செய்தாலே சரியாகிவிடும்.

ஆக, போர் வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பு, 3 சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவையும் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லவும். 3 அளவும் நெருக்கமாகவும், அந்த இன்ஜினுக்கு உரிய அளவிலும் இருந்தால், இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. அதுவரை பாரம் ஏற்றி ஓட்டாமல் இருப்பது நல்லது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். நாளடைவில் சின்ன கோளாறே பெரிய செலவாகிவிடும்.