எந்தச் சீமைக்காரன் ஆகாது?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலே ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, "எந்த மாநிலத்துக்காரனைக் கண்டா உங்களுக்கு ஆகாது?" என்று பொதுவாக ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். யோசித்துப் பதில் சொல்வார் ஒருவரும் இல்லை. எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். ஜொகூர்க்காரன் சிங்கப்பூர் வெள்ளியைக் காட்டி மிரட்டுகிறவன். பினாங்குக்காரன் கெட்டிக்கை. பேராக்காரன் வாயைத் திறந்தால் "எங்க ஈப்போவிலே" என்றுதான் ஆரம்பிப்பான். கெடாக்காரன் எடுத்த எடுப்பில் சண்டைக்கு வருவான். இப்படி ஊருக்கொரு பழி. அதே கேள்வியை ஈப்போவில் போய்க் கேட்டால் என்ன சொல்வார்கள் தெரியுமா? "கிள்ளான்காரனா? ஐயோ, ரவுடிப் பயலுகளாச்சே! கோலாலம்பூர்க்காரனா? கண் முழிச்சிருக்கும்போதே பாக்கெட்டைத் தடவிடுவான்" என்பார்கள்.

சாலையிலும் இதே கதைதான். ஒரு கார் குறுக்கே புகுந்தால் ஓட்டுகிறவன் முகத்தை நாம் பார்ப்பதில்லை, நம்பர் பலகையைப் பார்க்கிறோம். 'ஏ' என்றால் பேரா, 'கே' என்றால் கெடா, 'ஜே' என்றால் ஜொகூர். "அதானே பார்த்தேன், கெடா வண்டி!" என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நம்ம சிலாங்கூர் 'பி' வண்டி அப்படிக் குறுக்கே போனால் மட்டும், பாவம், அவருக்கு ஏதோ அவசரம்!

கேலியோடு நின்றால் நமக்கும் கவலையில்லை. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வாடகைக்கு அறை கேட்டு வரும் பையனிடம் "நீ எந்த மாநிலம்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார்களே, அது கேலியா? "வெளிமாநிலத்துப் பசங்க வந்துதான் சம்பளமே ஏறாமப் போச்சு" என்று தொழிற்சாலை வாசலில் பேசுகிறார்களே, அது கேலியா? அந்தப் பையன் எங்கிருந்து வந்தான்? சுங்கை சிப்புட்டிலோ, தெலுக் இந்தானிலோ, சுங்கை பட்டாணியிலோ ஒரு லயத்திலிருந்து வந்தான். கதவைச் சாத்தியவர் எங்கிருந்து வந்தார்? காப்பாரிலோ, பந்திங்கிலோ, கோலசிலாங்கூரிலோ இன்னொரு லயத்திலிருந்து வந்தார். லயத்துக்கு லயம் பகையா?

இது புதுப் பழக்கம் இல்லை. நம் பாட்டன்மார் காலத்திலேயே இன்னொரு பட்டியல் இருந்தது. அன்றைக்கு மாநிலம் என்று சொல்லவில்லை, சீமை என்றார்கள். "மலையாளத்தான் ஆகாது. யாழ்ப்பாணத்தான் ஆகவே ஆகாது." தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஏன் ஆகாது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஏழை சனங்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (1972-லிருந்து அதற்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர்) வந்து இறங்கினார்கள். அவர்கள் கைக்குக் கிடைத்தது மண்வெட்டியும் பால்மரக் கத்தியும். ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்கர்களுக்கும் அதே கத்திதான். ஆனால் பேனா யார் கைக்குப் போனது? துரைக்கு இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடங்கள் நிறைய. மலையாளச் சீமையிலும் இங்கிலீஷ் படித்தவர்கள் இருந்தார்கள். ஆகவே அவர்கள் கிராணிகளாக வந்தார்கள். யாழ்ப்பாணத்தாரில் பலர் ரயில்வேக்கும் அரசாங்க ஆபீசுக்கும் போனார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வந்ததும், ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில் எழும்பியதும் அவர்களால்தான். கத்தி பிடித்தவன் ஒரு சீமை, பேனா பிடித்தவன் வேறு சீமை. இது துரைக்கு எவ்வளவு வசதி! கத்தியும் பேனாவும் ஒன்று சேர்ந்து அவர் பங்களா வாசலுக்கு வராதே!

கிராணியின் பேனா எப்படிப்பட்டது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விடியுமுன் பெரட்டு. செக்ரோலில் அவர் பேர் ஏற்றினால்தான் அன்றைக்குக் கூலி. மூன்று நிமிஷம் தாமதம் என்றால் "வீட்டுக்குப் போ." வெட்டிய பாலைச் சுமந்து வந்தால் நிறுப்பது அவர், எழுதுவது அவர், எழுத்துத் தெரியாத நம்மவள் எட்டிப் பார்த்தாலும் என்ன புரியும்? லயத்து வீடு, மருந்து, ஊருக்குக் கடுதாசி, எல்லாவற்றுக்கும் அவர் முகம் பார்க்க வேண்டும். சைக்கிளில் வருகிறவன் அவரைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இத்தனையும் செய்கிறவர் பேசும் தமிழ் வேறு மாதிரி இருந்தால், அல்லது தமிழே இல்லாமல் இருந்தால், சனங்கள் என்ன நினைப்பார்கள்? "இந்தச் சீமைக்காரனே இப்படித்தான்" என்றுதான் நினைப்பார்கள். 'கறுப்பு வெள்ளைக்காரன்' என்ற பட்டம் சும்மா வரவில்லை.

1941-ல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்நின்று, கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் நடத்திய போராட்டம் அது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கொடு, பிள்ளைகளுக்குச் சரியான படிப்பும் மருத்துவ வசதியும் கொடு, எங்கள் பெண்களிடம் வாலாட்டாதே, கள்ளுக்கடையை மூடு, துரைக்கும் சிப்பந்திகளுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே என்று வரிசையாகக் கேட்டார்கள். அந்த வரிசையில், கொடுமைக்காரச் சிப்பந்திகளை நீக்கித் தமிழ் படித்தவர்களை அந்த இடத்தில் வை என்பதும் ஒன்று. வெள்ளைக்கார அரசாங்கம் நாதனைப் பிடித்து நாடு கடத்தியது. சிலாங்கூரில் பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர்கள் போயின.

நாதனோடு தோளோடு தோள் நின்று அந்தச் சங்கத்தை நடத்தியவர்களில் ஒருவர் பெயர் ஒய். கே. மேனன். பெயரைப் பார்த்தாலே சீமை தெரியும்! "மலையாளத்தான் ஆகாது" என்று லயத்தில் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், லயத்து சனங்களுக்காக ஒரு மலையாளி நின்றார்.

அதோடும் நிற்கவில்லை. 1954-ல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவாகி, பல்லாண்டுகள் அதன் பொதுச் செயலாளராக இருந்து, அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைமை வரைக்கும் போனாரே பி. பி. நாராயணன், அவர் பிறந்தது எங்கே? கேரளத்துத் திருச்சூரில். அவர் செய்தது போதுமா போதாதா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும், நமக்கும் சொல்ல உண்டு. ஆனால் சீமையைக் காட்டி அவரைத் தள்ளியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

சரி, தமிழ் படித்தவரை அந்த நாற்காலியில் வைத்தால் கொடுமை போயிருக்குமா? நம்மிடம் அதற்கும் சாட்சி இருக்கிறது. கங்காணி யார்? சுத்தத் தமிழன். நம் ஊர்க்காரன், பல இடங்களில் உறவுக்காரனும்கூட. "மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டு அவன் பின்னால் கப்பலேறினோம். ஆள் ஒன்றுக்கு, வேலைக்குப் போன நாள் ஒன்றுக்கு அவனுக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே காய்ச்சல்காரனையும் கம்பெடுத்து எழுப்பி அனுப்பினான். கடனையும் அவனே கொடுத்தான், வட்டியையும் அவனே வாங்கினான். அவனால் நாம் பட்டது கொஞ்சமா? ஆனாலும் "தஞ்சாவூர்க்காரன் ஆகாது, சேலத்தான் ஆகாது" என்று பட்டியல் போடவில்லை. "அந்தக் கங்காணி பாவி" என்று ஆளைத்தான் சொன்னோம். நம்மவன் செய்தால் அவன் குணம், அடுத்தவன் செய்தால் அவன் சீமைக் குணம்! சனங்களைக் கடித்தது அந்த நாற்காலி. அதில் உட்கார்ந்தவன் எந்தக் கப்பலில் வந்தான் என்பது இரண்டாவது சங்கதி.

தோட்டங்கள் போனபோதும் இப்படித்தான். சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாகவும் யு.எஸ்.ஜே.யாகவும் மாறியது. பிராங் பெசார், மேடிங்லி, கேலவே, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்கள் இருந்த மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. அங்கே இருந்த குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். அவர்களை வெளியேற்றியது பேராக்காரனா, கெடாக்காரனா? நிலம் விலை ஏறியது, விற்றவர்கள் விற்றார்கள், வாங்கியவர்கள் வாங்கினார்கள். கீழ்மாடியில் உட்கார்ந்து நாம் மட்டும், மேல்மாடிக்குக் குடிவந்தவன் எந்த எழுத்து வண்டி வைத்திருக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது பட்டியலில் புதுப் பெயர்கள் ஏறியிருக்கின்றன. இந்தோனேசியாக்காரன், வங்காளதேசி, நேப்பாளி. பிரிக்பீல்ட்ஸுக்குப் போனால், 2010-ல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்து வைத்த லிட்டில் இந்தியாவில், தமிழ்நாட்டிலிருந்து வந்து தோசை சுடுகிற தம்பியும் பட்டியலில் சேர்த்திதான்: "இந்தியாக்காரனுங்க வந்து கெடுத்துட்டானுங்க." நம் தாத்தாவும் அதே நாகப்பட்டினத்துக் கப்பலில்தான் வந்தார் என்பதை மறந்தே போய்விட்டோம்.

இன்றைக்குச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் லயம் அவர்கள் கையில். ஆனால் பெரட்டுக்களத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பது யார்? பல தோட்டங்களில் மண்டோர் நம்மவர், கிராணி நம்மவர். அந்த நாற்காலி நமக்கு வந்து சேர்ந்துவிட்டது ஐயா! வங்காளதேசத்திலிருந்து கடன் வாங்கி, ஏஜண்டுக்குக் கொட்டிக் கொடுத்து வந்த பையன் முன்னால் நாம் எப்படி நிற்கிறோம்? அவன் ஊர் திரும்பியதும், "எந்த நாட்டுக்காரன் ஆகாது?" என்று அவன் தாயார் கேட்டால், யார் பெயரைச் சொல்லுவான்?

2020-ல் அமெரிக்கா, கட்டாய உழைப்பு என்று காரணம் காட்டி, இந்நாட்டின் இரண்டு பெரிய கம்பெனிகளின் செம்பனை எண்ணெய்க்குத் தடை போட்டது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடனில் கட்டிப்போடுவது என்று காரணங்கள் வந்தன. இதில் எது நம் பாட்டனுக்குத் தெரியாத சங்கதி? அவன் குறைந்த கூலிக்கு வருவதால் நம் கூலி ஏறவில்லை என்கிறோம். அது நிஜம். ஆனால் கூலியைக் குறைத்தது அவனா? 1941-ல் சீனத் தொழிலாளியைவிடக் குறைந்த கூலிக்கு நின்றவர்கள் நாம். அன்றைக்கு நம் பாட்டன்மார் சீனனை விரட்டு என்று கேட்கவில்லை, சமக் கூலி கொடு என்றுதான் கேட்டார்கள்.

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்பது சட்டம். அது மலேசியனுக்கு மட்டும் இல்லை, வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கும் உண்டு. பிறத்தியார் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது குற்றம். வெளிநாட்டுத் தொழிலாளி சங்கத்தில் உறுப்பினராகச் சேர்வதையும் தொழிற்சங்கச் சட்டம் தடுக்கவில்லை. மண்டோராகவும் கிராணியாகவும் இருக்கும் நம் வாசகர்கள் இந்த மாதச் சம்பள நாளில் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்து லயத்துப் பையனின் சம்பளச் சீட்டை வாங்கி, உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை நாள் பேர் ஏறியிருக்கிறது, எதற்கெதற்கு வெட்டியிருக்கிறார்கள், அவன் பாஸ்போர்ட் யார் பெட்டியில் இருக்கிறது என்று கேளுங்கள். கண்டதை நமக்கு எழுதுங்கள். பெயர் போட மாட்டோம்.